பழைய ஓனர் சொல்வதில் எதை நம்பலாம்? யென்கோ, மிஸ்டர் நார்ம் கார்கள் பற்றி ஒரு பதில்

கேள்வி இது: 1960களின் பிற்பாதியில் அமெரிக்காவில் சில டீலர்கள் சின்ன கார்களில் பெரிய இன்ஜினைத் தங்கள் பட்டறையிலேயே பொருத்தி விற்றார்கள். அந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் இன்று எழுதும் நினைவுகளைப் படித்தால் ஒன்றுக்கொன்று ஒத்துவரவே இல்லை. குதிரைத்திறன், வேகம், எத்தனை கார் வந்தன என்று எதைக் கேட்டாலும் ஆளுக்கொரு கணக்கு. யாரை நம்புவது?

என் அனுபவத்தில், அந்தக் கார் தனக்குக் கொடுத்த தொல்லையை ஒருவர் விவரித்தால் பெரும்பாலும் நம்பலாம். எண்ணைச் சொன்னால் தாளைக் கேளுங்கள். டெட்ராய்ட் பக்கம் வேலை பார்த்த காலத்தில், ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூ நெடுக பழைய கார்களை நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். பொய் சொல்பவர்கள் குறைவு. ஆனால் ஐம்பது வருடத்தில் நினைவு எங்கே தேய்கிறது, எங்கே தேயாமல் நிற்கிறது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. காரின் அமைப்பு தெரிந்தால் அந்த ஒழுங்கும் பிடிபடும்.

முதலில் ‘சின்ன கார்’ என்றால் என்ன. 1969 செவ்ரோலே நோவாவின் நீளம் சுமார் 4.8 மீட்டர். நம் இன்னோவா கிரிஸ்டாவைவிடக் கொஞ்சம் கூடுதல்! டாட்ஜ் டார்ட் இன்னும் நீளம். அமெரிக்கக் கணக்கில் இவைதான் சிக்கனக் குடும்பத்துக்கான கார்கள்; பெரும்பாலானவை ஆறு சிலிண்டரோடு மளிகைக் கடைக்கும் சர்ச்சுக்கும் போய்வந்தவை. செவ்ரோலேவின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையகம், நடுத்தர அளவுக்கும் அதற்குக் கீழும் உள்ள கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் வைக்கக் கூடாது என்று தன் பிரிவுகளுக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தது. 400 கன அங்குலம் என்றால் ஏறக்குறைய 6.6 லிட்டர். அதனால் நோவாவில் 396 கன அங்குலம் வரை கிடைக்கும். ஏழு லிட்டர் 427 வேண்டுமென்றால் செவ்ரோலேவின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டோ பெரிய செடானோ வாங்க வேண்டும். டீலர்கள் பிழைத்தது இந்த இடைவெளியில்தான்.

அவர்களில் பெரிய பெயர் டான் யென்கோ. பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே கேனன்ஸ்பர்க் என்ற சிறு ஊரில் அப்பாவோடு செவ்ரோலே ஷோரூம் நடத்தியவர். தானே கார்வெட் ஓட்டிப் பந்தயம் ஜெயித்தவர். 1969இல் அவர் 427 நோவா விற்றார். நாற்பதுக்கும் குறைவுதான். செவ்ரோலேவின் இன்னொரு காரான கமாரோவில் செய்ததுபோல இதில் தொழிற்சாலையே 427 பொருத்தித் தரவில்லை. 396 இன்ஜினோடு வந்த நோவாவில், யென்கோ பட்டறையில் இன்ஜினின் கீழ்ப்பகுதியை, அதாவது பிளாக், கிராங்க், பிஸ்டன் அடங்கிய ‘ஷார்ட் பிளாக்’கை மட்டும் 427ஆக மாற்றினார்கள். சிலிண்டர் ஹெட், மேனிஃபோல்டு எல்லாம் 396இல் இருந்தவையே. இரண்டும் ஒரே குடும்பத்து இன்ஜின் என்பதால் வெளியளவு அப்படியே பொருந்தும்.

இதன் விளைவைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து பார்த்தால் 396ஆ 427ஆ என்று கண்ணுக்குத் தெரியாது. சேஸிஸ் நம்பரும் உதவாது. அந்தக் காலத்து செவ்ரோலே நம்பர் எந்த மாடல், ஆறு சிலிண்டரா வி-8ஆ, எந்த வருடம், எந்தத் தொழிற்சாலை, எத்தனையாவது கார் என்பதை மட்டும் சொல்லும். எந்த வி-8 என்று சொல்லாது. இன்ஜின் பிளாக்கில் காரின் நம்பர் அடித்திருக்கிறதா என்று பார்க்கும் ‘மேட்சிங் நம்பர்’ சோதனை இங்கே தலைகீழாகிவிடுகிறது. நம்பர் பொருந்தினால் அது மாற்றப்படாத 396. உண்மையான யென்கோ நோவாவில் நம்பர் பொருந்தவே கூடாது. ஏல விளம்பரத்தில் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்ற சொல்லைக் கண்டதும் உருகிவிடும் ஆட்கள் இதைக் கேட்டு முழிப்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

போதாக்குறைக்கு, அமெரிக்க செவ்ரோலேவின் கார்வாரியான பதிவேடுகளை இன்று தனி ஆள் கேட்டு வாங்க முடியாது. மிஞ்சுவது டீலர் பில், வாரண்டிப் புத்தகத்தோடு கொடுத்த சிறு உலோகத் தகடு, பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டிக்கொண்டு அரை நூற்றாண்டு தப்பிய தொழிற்சாலைத் தாள். இவையும் போயிருந்தால் பழைய ஓனரின் வாய்மொழிதான் ஆவணம். இந்தக் கார்கள் லட்சக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிற காலத்தில், ‘எழுபதில் இதை நான்தான் வாங்கினேன்’ என்று ஒருவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு விலை உண்டு. ஆகவே உங்கள் கேள்வி வெறும் ஆர்வக் கேள்வி இல்லை.

இனி எண்கள். செவ்ரோலே இந்த 427க்குச் சொன்ன சக்தி 425 எச்.பி. யென்கோ தன் கார்களுக்கு 450 என்று விளம்பரம் செய்தார். ஒரே இன்ஜினுக்கு இரண்டு எண்ணும் அன்றைக்கே அச்சில் இருந்தன. ஓனர் எதைச் சொன்னாலும் அவர் படித்ததைத்தான் சொல்கிறார். இதைவிடப் பெரிய குழப்பம் 1972இல் வந்தது. அதுவரை இன்ஜினை மட்டும் தனியாக மேடையில் ஏற்றி, ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்ற பாரமில்லாமல் அளந்த ‘கிராஸ்’ எண்ணை வெளியிட்டார்கள். 1972 முதல் எல்லாவற்றையும் மாட்டி அளந்த ‘நெட்’ எண். டாட்ஜின் 340 இன்ஜின் 1971இல் 275 எச்.பி., அடுத்த வருடம் 240. கம்ப்ரெஷனையும் குறைத்தார்கள், அளவுகோலையும் மாற்றினார்கள். இரண்டில் எதனால் எவ்வளவு குறைந்தது என்று சாதாரண வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? ‘எழுபத்திரண்டோடு எல்லாம் செத்துப்போச்சு’ என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதில் பாதி உண்மை இருக்கிறது. மீதி அளவுகோல் மாறியதன் வேலை.

நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைலைக் (சுமார் 400 மீட்டர்) கடக்கும் நேரமும் இப்படித்தான். நியூயார்க் லாங் ஐலண்டில் பால்ட்வின் செவ்ரோலே ஷோரூமும் ஜோயல் ரோசனின் மோஷன் பெர்ஃபார்மன்ஸ் பட்டறையும் சேர்ந்து செய்த ‘ஃபேஸ் 3’ கார்களுக்கு எழுத்துமூல உத்தரவாதம் உண்டு: கால் மைலை 11.5 விநாடியில், மணிக்கு 120 மைல் வேகத்தில் கடக்காவிட்டால் பணம் திருப்பித் தரப்படும். ஆனால் ஓட்டுபவரை அவர்கள் அங்கீகரிக்க வேண்டும், தடமும் முறையான பந்தயத் தடமாக இருக்க வேண்டும். கடை டயரோடு சனிக்கிழமை சாயந்திரம் போய் நின்றவனுக்கு அந்த நேரம் வராது. பின்சக்கரம் சுற்றிப் புகைவிட்டுக்கொண்டே பாதித் தூரம் போகும். இன்று பழைய ஓனர் ‘பதினொன்றரை ஓடினேன்’ என்றால், அது அவருடைய ஓட்டமா அன்றைய துண்டுப் பிரசுரமா என்று எனக்குச் சந்தேகம் வரும். பந்தயத் தடத்தில் ஓட்டம் முடிந்ததும் கையில் தரும் நேரச் சீட்டை எடுத்து நீட்டினால் பேச்சே இல்லை.

தொல்லைகள் விஷயம் வேறு. அவற்றை யாரும் விளம்பரத்தில் படித்துக் கற்றுக்கொள்வதில்லை. கையும் காலும் பட்டுத் தெரிந்தவை.

சிகாகோவில் கிராண்ட் அவென்யூவும் ஸ்பால்டிங்கும் சந்திக்கும் மூலையில் இருந்த கிராண்ட் ஸ்பால்டிங் டாட்ஜ் ஷோரூமை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நடத்திய நார்மன் கிராஸ், ஊருக்கெல்லாம் ‘மிஸ்டர் நார்ம்’. பெரிய இன்ஜின் புது டார்ட்டில் நுழையாது என்று டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லரின் ஆட்கள் சொல்ல, தன் மெக்கானிக்குகளை வைத்து 383ஐ உள்ளே இறக்கி, ஓட்டிக்கொண்டு போய் அவர்களிடமே காட்டினார் என்பது அவர் காலமெல்லாம் சொல்லிவந்த கதை. 1967லேயே தொழிற்சாலையும் 383 டார்ட்டை விற்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் இடம் அவ்வளவு நெருக்கடி. புகைவழி மேனிஃபோல்டை நெருக்கிச் செய்ததில், மற்ற கார்களில் 325 எச்.பி. கொடுத்த இன்ஜினுக்கு இதில் 280தான் போட்டார்கள். பவர் ஸ்டீயரிங் பம்ப்புக்கும் இடமில்லை. ஆகவே அந்த வசதியே கிடையாது. முன்பக்கம் முழுக்க இரும்பு, ஸ்டீயரிங் வெறும் கைபலம். 383 டார்ட் வைத்திருந்தவர் பார்க்கிங் பற்றிப் பேசினால் தோள் வலியைப் பற்றிப் பேசுவார். ‘ஒற்றை விரலில் திருப்புவேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் வைத்திருந்தது அநேகமாக 340 டார்ட். அதில் பவர் ஸ்டீயரிங் வாங்கலாம். அடுத்து 1968இல் மிஸ்டர் நார்ம் பெயரில் வந்த 440 டார்ட்டில் இன்ஜின் இன்னும் உயரம், இன்னும் அகலம்.

நோவாவுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 396இன் உச்ச வகையிலும் 427லும் வால்வு லிஃப்டர்கள் ‘சாலிட்’ வகை. ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் வகை இல்லை. நின்றபடி ஓடும்போது தையல் மெஷின்போல டிக் டிக்கென்று சத்தம் வரும். அவ்வப்போது வால்வு இடைவெளியைக் கையால் சரிபார்க்க வேண்டும். கம்ப்ரெஷன் 11க்கு 1. ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோல் பங்குகளில் அருகத் தொடங்கிய எழுபதுகளில் இந்த இன்ஜின்கள் ‘நாக்’ செய்ய, அதாவது பெட்ரோல் முறையின்றி வெடித்துத் தட்டும் சத்தம் எழுப்ப, ஆரம்பித்தன. ஏர்போர்ட்டில் விமானப் பெட்ரோல் வாங்கிக் கலந்த கதைகள் அங்கிருந்துதான் வருகின்றன. ‘சத்தமே இருக்காது, எந்தப் பெட்ரோல் போட்டாலும் ஓடும்’ என்று சொல்பவரின் நோவாவில் சாதாரண 350 இருந்திருக்கும். அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. வாங்கும்போது யாரோ 427 என்று சொல்லி விற்றிருப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் நினைவையும் நான் நம்புவேன். வாலிபப் பையன், கனமில்லாத கார், பெரிய இன்ஜின் என்றால் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின, அல்லது பாலிசியே தரவில்லை. 427 நோவா தெருவுக்கு லாயக்கில்லாத அளவு மூர்க்கமானது என்ற பொருளில் யென்கோவே பின்னாளில் பேசியிருக்கிறார். அதனால் 1970இல் அவர் வழியை மாற்றினார். ‘யென்கோ டியூஸ்’ என்ற பெயரில் வந்த நோவாவில் 350 கன அங்குல எல்டி-1, 360 எச்.பி. இதைத் தொழிற்சாலையே பொருத்தித் தந்தது. டாக்சிக்கும் போலீசுக்கும் மொத்தமாகத் தனி வகைக் கார் ஆர்டர் செய்ய செவ்ரோலே வைத்திருந்த ‘கோப்போ’ என்ற வழியில் யென்கோ நுழைந்து வாங்கினார். இன்ஷூரன்ஸ்காரர் தாளைப் பார்த்தால் 350 நோவா. பள்ளி ஆசிரியையின் காரிலும் 350 இருக்கலாம். சுமார் 175 கார்கள் இப்படிப் போயின. டியூஸ் வைத்திருந்தவர் ‘ஏஜென்ட் கண்டுகொள்ளவே இல்லை’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அது சரியான நினைவு. 427 வைத்திருந்தவர் அப்படிச் சொன்னால் மேலும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

நினைவும் ஆவணமும் நன்றாகக் கைகோத்து நிற்பது எனக்குத் தெரிந்து யென்கோ ஸ்டிங்கரில்தான். இது பெரிய இன்ஜின் கதையே இல்லை. செவ்ரோலே கார்வேர், இன்ஜின் பின்னால், காற்றில் குளிரும் ஆறு சிலிண்டர், 2.7 லிட்டர். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்.சி.சி.ஏ.யின் பந்தயத்தில் இது ஸ்போர்ட்ஸ் காராக ஏற்கப்பட வேண்டுமானால் பின்சீட் இருக்கக் கூடாது, 100 கார்கள் செய்து காட்டவும் வேண்டும். யென்கோ கார்வேரின் கோர்சா என்ற வகையில் 100 கார்களை ஆர்டர் செய்தார். எல்லாம் வெள்ளை, மேலே நீலக் கோடு. 1965 கடைசியில் அவசர அவசரமாக வேலை நடந்து 1966க்குள் கணக்கு காட்டப்பட்டது. பின்சீட்டைக் கழற்றி, பின்பக்க மூடியையும் பக்கக் கண்ணாடி இருந்த இடத்தையும் ஃபைபர் கிளாஸில் மாற்றி, பிரேக்குக்கு இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைத்தார்கள். காரிலேயே ‘ஒய்எஸ்’ என்று தொடங்கும் வரிசை எண் தகடு. இந்த ஒரு தகடு இருந்ததால்தான் எந்தக் கார் எங்கே போனது என்று பின்னால் வந்தவர்கள் தேடிக் கோக்க முடிந்தது. 1967இல் ஜெரி தாம்ப்சன் ஸ்டிங்கரில் ஓட்டித் தன் பிரிவில் தேசியப் பட்டம் வென்றார். யென்கோ ஷோரூமில் வேலை பார்த்த டோனா மே மிம்ஸ் என்ற பெண்மணி அதற்கு முன்பே, 1963இல், எஸ்.சி.சி.ஏ. தேசியப் பட்டம் வென்ற முதல் பெண் ஆனவர். காரையும் ஹெல்மெட்டையும் இளஞ்சிவப்பில் வைத்திருந்தவர். அந்த ஷோரூமுக்குப் போனவர்கள் காரை மறந்தாலும் அவரை மறந்ததில்லை.

ஸ்டிங்கர் ஓனரைச் சோதிக்க எச்.பி. கேட்கவே வேண்டாம். (கேட்டாலும் 160இலிருந்து 240 வரை நாலு படி இருந்தன.) குளிர்காலத்தைப் பற்றிக் கேளுங்கள். கார்வேரின் ஹீட்டர், இன்ஜின் சிலிண்டர்களைச் சுற்றி வந்த சூடான காற்றைத்தான் உள்ளே அனுப்பும். வால்வுகளை இயக்கும் தண்டுகள் (புஷ்ராட்) செல்லும் குழாய்களின் ரப்பர் வளையங்கள் சூட்டில் இறுகி ஆயில் கசியும். கசிந்தது சூட்டில் கருகும். அந்த வாசனை அத்தனையும் கேபினுக்குள். அடுத்து, ஃபேன் பெல்ட். இன்ஜின் பின்னால் நின்று சுற்றும் புல்லியிலிருந்து மேலே படுத்துச் சுற்றும் ஃபேனுக்கு அந்த பெல்ட் திரும்பி ஏற வேண்டும். வேகமாக ஓட்டினால் கழன்று விழும். அதனால் காரில் எப்போதும் உபரி பெல்ட் ஒன்று கிடக்கும். ஆயில் நாற்றத்தையும் பெல்ட்டையும் பற்றித் தானாகவே புலம்பத் தொடங்கும் மனிதர் கார்வேர் வைத்திருந்தவர்தான். அது ஸ்டிங்கரா என்பதைத் தகடு சொல்லட்டும்.

ஒரே காரைப் பற்றி இரண்டு ஓனர்கள் நேர்மாறாகப் பேசும் சிக்கலையும் சொல்ல வேண்டும். இவை பந்தயத்துக்கு வாங்கிய கார்கள். இன்ஜின் வெடிக்கும், சில மாதத்தில் கழற்றி வேறு காரில் மாட்டுவார்கள், மிஞ்சிய உடம்பில் ஏதோ ஓர் இன்ஜினைப் போட்டு விற்பார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஏழு லிட்டர் கார் வெறும் பழைய வண்டி விலைக்குப் போனது. பனி உருக உப்புத் தெளித்த சாலைகளில் ஓடித் துருவேறியது. முதல் ஓனர் ‘427’ என்கிறார், 1976இல் வாங்கியவர் ‘அதில் ஆறு சிலிண்டர்தான் இருந்தது’ என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க வழி உண்டு. ‘நான் வியட்நாமில் இருந்தபோது அம்மா விற்றுவிட்டார்’ என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு கதை. எத்தனை அம்மாக்கள் அப்படிச் செய்தார்களோ. ஆனால் கட்டாய ராணுவச் சேவை 1973 வரை இருந்தது, இந்தக் கார்களை வாங்கிய வயதும் அந்த வயதுதான் என்பதால் கேட்டவுடன் தள்ளிவிட மாட்டேன்.

யென்கோவின் கடைசி முயற்சிகளில் ஒன்றான வேகா ஸ்டிங்கரில் இந்த முரண் இன்னும் வேடிக்கை. சின்ன செவ்ரோலே வேகாவில் டர்போ பொருத்தி விற்க நினைத்தார். புதிதாக வந்திருந்த அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, அந்த இன்ஜினை 50,000 மைல் ஓட்டிச் சோதித்துச் சான்று வாங்கச் சொன்னது. ஒரு ஷோரூமுக்குக் கட்டுபடியாகிற வேலையா அது? கோடும் ஸ்பாய்லரும் ஒட்டிய காரைத் தனியாக விற்றார்கள். டர்போ வேண்டுமென்றவர் அதைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் ‘என் ஸ்டிங்கரில் டர்போ இருந்தது’, ‘என்னதில் இல்லை’ என்று சண்டை போடும் இரண்டு பேருமே சரி.

நீங்களே ஒரு பழைய ஓனரிடம் பேசப் போகிறீர்கள் என்றால், ‘எத்தனை எச்.பி.’ என்று ஆரம்பிக்காதீர்கள். யாரிடம் வாங்கினீர்கள், கடன் யார் கொடுத்தது, இன்ஷூரன்ஸ்காரர் என்ன சொன்னார், முதலில் உடைந்தது எது, யார் சரிசெய்தது, யாருக்கு விற்றீர்கள் என்று கேளுங்கள். மிஸ்டர் நார்ம் வாடிக்கையாளர் என்றால், ஷோரூமிலேயே இருந்த டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) உருளைகளில் காரை ஏற்றி டியூன் செய்தது கட்டாயம் நினைவிருக்கும். அவர்களுடைய ஸ்போர்ட் கிளப் அட்டையை அலமாரியில் தேடச் சொல்லுங்கள். கார் கனடாவில் விற்றதாகத் தெரிந்தால் உங்களுக்கு யோகம்: ஜெனரல் மோட்டார்ஸின் கனடா கிளை பழைய பதிவுகளை வைத்திருந்தது, சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு எப்படிப் புறப்பட்டது என்று சொல்லும் தாள் அங்கே பணம் கட்டினால் கிடைத்து வந்தது. 427 நோவாவுக்கு அந்தத் தாளிலும் 396 என்றுதான் இருக்கும் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். மாற்றியது கேனன்ஸ்பர்க் பட்டறை, அதற்கு யென்கோவின் பில் வேண்டும்.